கத்திரி வெயிலில் பிரைமர்: எந்த நாசில், எவ்வளவு கப்?

கேள்வி: வேலூருக்குப் பக்கத்தில் சின்னதாக டிங்கரிங், பெயின்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். மேலே தகரக் கூரை. 2 ஹெச்பி கம்ப்ரஸர், 160 லிட்டர் டேங்க். மேலே 600 மில்லி கப் வைத்த, 1.4 எம்எம் நாசில் (பிரைமர் வெளிவரும் முனைத் துளை) உள்ள ஸ்ப்ரே கன் ஒன்றும், கீழே ஒரு லிட்டர் கப் தொங்கும் பழைய சக்ஷன் கன் ஒன்றும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் 2கே பிரைமர் (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் அடிப்பூச்சு) நன்றாகவே வருகிறது. சித்திரை பிறந்தால் பானெட் முழுக்க எமரி ஷீட் மாதிரி சொரசொரப்பு. மூன்றாவது கோட் அடிப்பதற்குள் கப்பில் இருப்பது கூழாகிவிடுகிறது. ஒரு கடைக்காரர் 2.5 நாசில் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் 1.3 போட்டு தின்னரைக் கூட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது? போன வாரம் அடித்த ஒரு பானெட் அப்படியே நிற்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. சொரசொரப்பு ஒன்று, கப்பில் கூழாவது இன்னொன்று. இரண்டும் வெயிலால் வருபவைதான், ஆனால் வைத்தியம் வேறு வேறு. நாசிலின் அளவை முடிவு செய்ய வேண்டியது பிரைமர் எவ்வளவு கெட்டி என்பது. கப்பில் எவ்வளவு ஊற்றலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது, கலந்த பிறகு அது எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கும் என்பது. வெயிலைச் சமாளிக்கும் வேலை தின்னருக்கும் ஹார்டனருக்கும் அடிக்கும் நேரத்துக்கும் உரியது. அதை நாசில் தலையில் கட்டும்போதுதான் தப்பு நடக்கிறது.

முதலில் நாசில். 2கே சர்ஃபேசர் பிரைமரில் டால்க் மாதிரி நிரப்புப் பொடி நிறைய இருக்கும். பட்டி தேய்த்த கீறலை மூடுவது அந்தப் பொடிதான். மேல் கப் கன்னில் இதற்குச் சரியான அளவு 1.6 முதல் 1.8 எம்எம். உங்கள் வேலைக்கு 1.7 போதும். கையில் இருக்கும் 1.4 கன்னைத் தூக்கிப் போட வேண்டாம். எபாக்ஸி பிரைமருக்கும், கலர் அடிக்கும் முன் தண்ணீராக ஓட்டும் சீலருக்கும் அது நன்றாகவே உதவும். வெறும் தகட்டில் அடிக்கும் எட்ச் பிரைமருக்கு 1.3, 1.4 தான் சரி. 2.0க்கு மேல் போக வேண்டியது பாலியெஸ்டர் ஸ்ப்ரே பட்டிக்கு மட்டும்.

1.4 வழியாக சர்ஃபேசரைத் தள்ளும்போது என்ன நடக்கிறது? வரவேண்டிய அளவு வராது. வராததால் தின்னரைக் கூட்டுவோம், காற்றைக் கூட்டுவோம், இரண்டுமே வெயிலில் எதிராக வேலை செய்யும். துளி சிறிதாக ஆக அதன் மேற்பரப்பு கூடுகிறது, தின்னர் பறக்கும் வேகமும் கூடுகிறது. 40 டிகிரிக் காற்றில் அந்தத் துளி பானெட்டைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். தகட்டில் ஈரமாக விழுந்து பரவாமல், பொடியாக விழுந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் எமரி ஷீட் அதுதான். 1.3 போட்டு 30, 40 சதவீதம் தின்னர் ஊற்றினால் சில நாள் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். படலம் மெலிந்து, உள்ளே தின்னர் தங்கி, வண்டி டெலிவரி கொடுத்துச் சில வாரம் வெயிலில் நின்றதும் பிரைமர் சுருங்கி, பட்டி ஓரமும் தேய்த்த கோடும் கலர் மேலேயே தெரியும்.

2.5 எதிர்ப்பக்கத் தவறு. அவ்வளவு பிரைமரை உடைத்துத் தூவும் அளவுக்கு உங்கள் கம்ப்ரஸரில் காற்று இல்லை. ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்து விழும், தேய்ப்பதிலேயே பாதி பிரைமர் போய்விடும். வெயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தடித்த கோட்டின் மேல்தோல் சில நிமிடத்தில் மூடிக்கொள்ளும், உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும். அது பிறகு தோலைக் குத்திக்கொண்டு வெளியேறும்போது ஊசித் துளைகள் விழும். தேய்க்கும்போதுதான் அவை கண்ணில் படும்.

நாசில் வாங்கும்போது நாசிலை மட்டும் வாங்காதீர்கள். நாசில், ஊசி, ஏர் கேப் (காற்று வெளிவரும் முன்மூடி) மூன்றும் ஒரு செட். 1.4 ஊசியை 1.7 நாசிலில் போட்டால் ஒழுகும். 1.4 ஏர் கேப்பை வைத்து 1.7 அடித்தால் ஃபேன், அதாவது கன்னிலிருந்து விரியும் தூவல், நடுவில் கொழுத்து ஓரம் வெளுக்கும். உங்கள் கன் மாடலுக்கு செட் கிடைக்காவிட்டால், பிரைமருக்கென்றே நடுத்தர விலையில் தனியாக ஒரு 1.7 கன் வாங்கிவிடுவது நல்லது. பிரைமர் பொடி ஊசியையும் நாசிலையும் தேய்த்துவிடும். கிளியர் (கலருக்கு மேல் வரும் பளபளப்புப் பூச்சு) அடிக்கும் கன்னில் அது நடக்கக் கூடாது.

சக்ஷன் கன்னை இந்த வேலைக்குக் கோடையில் எடுக்கவே எடுக்காதீர்கள். கெட்டியான பிரைமரைக் கீழிருந்து உறிஞ்ச 40, 50 பிஎஸ்ஐ வேண்டும். அந்த அழுத்தத்தில் பாதி பிரைமர் புகையாகப் போகும், மீதியும் காய்ந்தே விழும்.

கப் விஷயத்துக்கு வருவோம். டின்னில் அல்லது கம்பெனி தாளில் கலந்த பின் 45 நிமிடம் என்று போட்டிருந்தால், அது எந்த வெப்பத்தில் என்று பாருங்கள். அநேகமாக 20 அல்லது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்காக இருக்கும். 10 டிகிரி ஏற ஏற இந்த நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். 25 டிகிரியில் 45 நிமிடம் என்றால் 35 டிகிரியில் 22 நிமிடம், 40 டிகிரியில் 16 நிமிடம். தகரக் கூரைக்கு அடியில் மதியம் 45 டிகிரி இருந்தால் 11 நிமிடம்தான் மிச்சம். மூன்று கோட்டுக்கும் சேர்த்து 600 மில்லி கலந்து, கோட்டுக்குக் கோட் 10 நிமிடம் காயவிட்டால் மூன்றாவது கோட்டுக்குக் கூழ்தான் கிடைக்கும். பிரைமர் மேல் தப்பில்லை.

ஆகவே ஒரு கோட்டுக்கு எவ்வளவோ அவ்வளவே கலக்க வேண்டும். சிறிய காரின் பானெட் ஒன்றரை சதுர மீட்டருக்குள் அடங்கும். அதற்கு ஒரு கோட் அடிக்கச் சுமார் 220 மில்லி போதும். கலவையில் திடப்பொருள் 45 சதவீதம், கன்னிலிருந்து தகட்டில் சேர்வது 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த பின் 40 மைக்ரானைத் தாண்டிய படலம் நிற்கும். மூன்று கோட்டில் 120 மைக்ரானுக்கு மேல். தேய்க்கப் போதுமான கனம். 4:1 பிரைமரில் (நாலு பங்கு பிரைமருக்கு ஒரு பங்கு ஹார்டனர்) 10 சதவீதம் தின்னர் என்றால் 220 மில்லிக்குக் கணக்கு இது: பிரைமர் 160, ஹார்டனர் 40, தின்னர் 20. கதவுக்கு இதிலும் குறைவு. உங்கள் பிரைமரின் விகிதம் 5:1 ஆகவோ வேறாகவோ இருந்தால் டின்னில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

இந்த 160, 40, 20 என்பது மில்லி, கிராம் இல்லை. இந்தக் குழப்பம் பல ஷெட்டில் இருக்கிறது. பிரைமர் ஒரு லிட்டர் 1.4 முதல் 1.6 கிலோ எடை வரும், ஹார்டனர் ஒரு கிலோவை ஒட்டி வரும். 4:1 என்று அளவில் சொன்னதைத் தராசில் 4:1 என்று நிறுத்தால், ஹார்டனர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விழுந்துவிடும். அது கோடையில் கப்பை இன்னும் சீக்கிரம் கூழாக்கும். கோடு போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கலவைக் கப் நாலைந்து வாங்கி வையுங்கள். அதில் அளந்தால் குழப்பமில்லை.

கன் கப் 600 மில்லியாக இருப்பதால் தோஷமில்லை, அதில் 220 ஊற்றினால் போதும். ஆனால் 400 மில்லி நைலான் கப் ஒன்று கூடுதலாக இருந்தால் கை வலிக்காது, கழுவத் தின்னரும் குறையும். ஒரு கோட் ஒரு கப்பில், அடுத்த கோட் அடுத்த கப்பில் என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். ஒன்று கன்னில் இருக்கும்போது மற்றது சுத்தமாகி நிற்கும். எல்லாக் கன்னுக்கும் கப் மரை ஒன்றில்லை. கன்னைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பை வைத்துத் தூக்கிப் போடும் வகைக் கப்பும் கிடைக்கிறது, 3எம் கம்பெனியின் பிபிஎஸ் மாதிரி. செலவு கூடுதல்தான், ஆனால் கன்னைக் கவிழ்த்துப் பிடித்துக்கூட அடிக்கலாம். கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்கு அது பெரிய வசதி. அதை வாங்கினால் பிரைமருக்கு 200 மைக்ரான் வடிகட்டி உள்ள மூடியைக் கேளுங்கள். 125 மைக்ரான் மூடி கலருக்கும் கிளியருக்கும் உரியது, பிரைமர் பொடி அதில் அடைத்துக்கொள்ளும். சாதாரணக் கப்பின் அடியில் செருகும் நுண்ணிய வடிகட்டியையும் பிரைமருக்குக் கழற்றிவிட்டு, கப்பில் ஊற்றும்போதே 190 மைக்ரான் காகிதக் கூம்பில் வடித்து ஊற்றுங்கள்.

கப் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பிரைமர் கீழே இறங்க, மேலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். வெயிலில் அந்த ஓட்டையில் ஒட்டிய பிரைமர் ஒரே கோட்டில் காய்ந்து அடைத்துவிடும். அடைத்தால் கன் விட்டு விட்டு இருமும், ஃபேன் மெலியும். நாசில் அடைத்துவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் கழற்றுவோம். மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உடனே சரியானால் கோளாறு அந்த ஓட்டையில்தான்.

இனி தின்னர். நீங்கள் எந்தத் தின்னர் ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கானது) என்றால் இன்றோடு நிறுத்துங்கள். அது வேகமாகப் பறக்கும், கோடைக்கு நேர் எதிரி. அதைவிட முக்கியமாக, என்சி தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்திருக்கும். பிரைமரோடு சேர வேண்டிய ஹார்டனரை அந்த ஆல்கஹால் பிடித்துக்கொள்ளும், பிரைமர் முழுசாக இறுகாது. 2கே தின்னரிலேயே ஸ்லோ வகை கேளுங்கள். ஹார்டனரிலும் ஸ்லோ இருந்தால் அதையும் வாங்குங்கள். உங்கள் பிரைமர் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.

வெயிலில் பிரைமர் தானாகவே இளகும். ஃபோர்டு கப் பி4இல் (கலவை எவ்வளவு கெட்டி என்று அளக்கும் அடியில் ஓட்டையுள்ள கப்) 30 டிகிரியில் 22 விநாடி ஓடியது 40 டிகிரியில் அதைவிடச் சீக்கிரம் ஓடிவிடும். கன்னில் ஓடுவதற்காகக் கூடுதல் தின்னர் தேவையே இல்லை. தகட்டில் விழுந்த பிறகு பரவ நேரம் கிடைக்க வேண்டும், அதற்கு அளவைக் கூட்டாமல் வகையை மாற்றினால் போதும். மெதுவாகப் பறக்கும் தின்னர் அதே 10 சதவீதத்தில் அந்த நேரத்தைக் கொடுத்துவிடும்.

இரண்டு குறுக்கு வழிகள் நடப்பில் உண்டு. ஒன்று, கூழாகாமல் இருக்க ஹார்டனரைக் குறைத்து ஊற்றுவது. அடிப் படலம் மென்மையாகவே தங்கி, தேய்க்கும்போது பேப்பரில் பிசுபிசுவென்று உருண்டு ஒட்டும். மற்றது, கெட்டியாகத் தொடங்கிய கலவையில் தின்னர் விட்டுக் கலக்குவது. கண்ணுக்கு இளகும், ஆனால் உள்ளே இறுகத் தொடங்கியது திரும்பி வராது. அதைத் தகட்டில் அடித்தால் பிடிப்பு இருக்காது. கெட்டியாகத் தொடங்கியதை வெளியே எடுத்துவிடுவதே லாபம். 220 மில்லியாகக் கலக்கும்போது வீணாவதும் சிறிதுதான்.

அடிக்கும் நேரம் காலை 6 முதல் 9. சாயங்காலம் அடிப்பதானாலும் தகடு ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று 36 டிகிரியாக இறங்கியிருக்கும், ஆனால் வெயிலில் நின்ற கறுப்பு பானெட் 60ஐத் தாண்டியிருக்கும். முந்தைய நாளே வண்டியை உள்ளே நிறுத்துங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் தோராயமாகத் தெரியும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் 35க்குக் கீழே வந்ததும் தொடங்கலாம். பிரைமர் டின்னைக் கூரை பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். மூடி இறுகிய பிரைமர் டின்னை அடிப்பதற்கு அரை மணி முன்பு வாளித் தண்ணீரில் பாதி அமிழ வைக்கலாம். வெளியே எடுத்துத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஹார்டனர் டின்னை மட்டும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஈரம் பட்டால் ஹார்டனர் வாயுவாகக் குமிழ்விடும், அதுவும் துளையாகத்தான் பிரைமரில் வந்து நிற்கும். ஊற்றிய உடனே மூடியை இறுக்கிவிடுங்கள்.

டேபிள் ஃபேனைப் பேனல் பக்கம் திருப்பி வைத்து அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். துளியைப் பறக்கும்போதே காயவைப்பதும், தூசியைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதுதான். புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எதிர்ப்பக்கச் சுவரில் ஓடட்டும்.

காற்று: ஹெச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் வகை) என்றால் டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது கன் அடியில் 25 முதல் 29 பிஎஸ்ஐ. டிரிகரை விட்டபோது மீட்டர் காட்டுவது கணக்கில்லை. இந்த வகைக் கன் நிமிடத்துக்கு 12 முதல் 15 கன அடி (சிஎஃப்எம்) காற்றுக் கேட்கும். உங்கள் 2 ஹெச்பி கொடுப்பது 6 முதல் 8. பயப்பட வேண்டாம், 160 லிட்டர் டேங்க் நிரம்பி இருந்தால் பானெட்டுக்கு ஒரு கோட் அடிக்கிற ஒன்றிரண்டு நிமிடத்தைத் தாராளமாகத் தாங்கும். கோட் காயும் 10 நிமிடத்தில் டேங்க் மறுபடி நிரம்பிவிடும். வண்டி முழுவதையும் நிறுத்தாமல் அடித்தால்தான் பாதியில் காற்று இறங்கி, துளி உடையாமல் விழும். ஓயாமல் ஓடினால் கம்ப்ரஸர் சூடேறி, காற்றில் உள்ள ஈரம் ஆவியாகவே செப்பரேட்டரைத் தாண்டிக் கன்னுக்கு வந்து தண்ணீராக மாறும் ஆபத்தும் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஹோஸ் உள்விட்டம் 8 எம்எம்முக்குக் குறையக் கூடாது. சுருள் ஹோஸ் டயருக்குக் காற்றடிக்க மட்டும்.

பேனலில் கை வைக்கும் முன் சுவரில் ஒட்டிய காகிதத்தில் 15 செமீ தூரத்தில் ஒரு நொடி அடித்துப் பாருங்கள். நீளமான, ஓரம் மெல்ல மங்கும் வடிவம் வேண்டும். நடு மெலிந்து இரண்டு முனையும் குண்டாக இருந்தால் காற்று அதிகம், அல்லது பிரைமர் நீர்த்துவிட்டது. பிறை போல வளைந்தாலோ ஒரு பக்கம் கொழுத்தாலோ ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். கொழுத்த பக்கமும் கூடவே திரும்பினால் கேப்பில் அடைப்பு, திரும்பாமல் அதே பக்கம் நின்றால் நாசிலில். வெயிலில் நாசில் முனையிலேயே பிரைமர் காய்ந்து மீசை மாதிரி நிற்கும், தின்னரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போய்விடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை கோணலானால் நாசில் வீண்.

குளிர்காலத்தில் 20 செமீ தள்ளிப் பிடிப்பவர் கோடையில் 15க்கு வர வேண்டும். பிரைமர் வரும் திருகை அரைச் சுற்றுக் கூடுதலாகத் திறந்து, காற்றை 2, 3 பிஎஸ்ஐ குறைத்து, முந்தைய ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மூடிக்கொண்டே போங்கள். பானெட் போன்ற படுத்த பேனலில் உங்கள் பக்கத்து ஓரத்தில் தொடங்கி எதிர்ப்பக்கமாக நகருங்கள். முன்னால் பறக்கும் தூள் இன்னும் அடிக்காத இடத்தில் விழும், அடுத்த ஓட்டம் அதை நனைத்துவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி வந்தால், அடித்து முடித்த ஈரத்தின் மேலேயே தூள் படியும். தொட்டால் ஒட்டவில்லையே என்று இரண்டு நிமிடத்தில் அடுத்த கோட்டை ஏற்றாதீர்கள். வெயிலில் மேலே காய்வது வேகம், உள்ளே காய்வது அவ்வளவு வேகம் இல்லை. 10 நிமிடம் விடுங்கள்.

அந்த 10 நிமிடத்தில் கன்னில் மிச்சத்தை வடித்துவிட்டு, 30 மில்லி தின்னர் ஊற்றிக் குலுக்கி அடித்துவிடுங்கள். அடுத்த கலவையைக் கோட் அடிக்கத் தயாரான பிறகுதான் கலக்க வேண்டும். வேலை முடிந்து கன்னை முழுசாகத் தின்னர் டப்பாவில் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் வாஷர்கள் ஊதிவிடும். நாசில், கேப், ஊசி மட்டும் கழற்றி ஊறட்டும்.

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சிரைக்கும், அதன் பின் இந்தத் தொழிலே செய்ய முடியாமல் போகலாம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. கம்ப்ரஸர் காற்றை வடிகட்டி முகத்துக்குக் கொடுக்கும் மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு. அது முடியாவிட்டால், ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் மாஸ்க்காவது, முகத்தில் இடைவெளி இல்லாமல், கட்டாயம். வியர்வையில் கழற்றத் தோன்றும். அதிகாலையில் அடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உடன் வேலை செய்யும் பையன்களுக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள்.

நிற்கிற அந்த பானெட்: பழைய துணியில் 2கே தின்னர் நனைத்து, ஓர் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். பிரைமர் இளகித் துணியில் வந்தாலோ, நகம் இறங்கினாலோ அது இறுகவில்லை, கூழான கலவை அடித்ததன் விளைவு. மேலே எதை அடித்தாலும் பிறகு கிளம்பும், முழுசாக எடுத்துவிடுங்கள். துணியில் எதுவும் வராமல் கெட்டியாக இருந்தால் பிரைமர் நல்லதுதான், மேலே தூள் மட்டும் படிந்திருக்கிறது. மேடு பள்ளத்தைக் காட்டும் கறுப்பு கைடு பவுடர் தடவி, பிளாக்கில் 320 உலர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கறுப்பு முழுக்கப் போகும்வரை சமப்படுத்துங்கள். எங்காவது தகடு தெரிந்தால் அந்த இடத்துக்கு எட்ச் அல்லது எபாக்ஸி, உங்கள் பிரைமர் தாள் எதைச் சொல்கிறதோ அது. பிறகு காலை 6 மணிக்கு 1.7இல், 220 மில்லி 220 மில்லியாகக் கலந்து, இரண்டு கோட்.